கண்ணாடி துடைக்கும் தொழிலில் தனியாக இறங்குகிறவர்களுக்கு: பணம் கைமாறும் முன் பார்க்க வேண்டியவை

சொந்தமாக ஜன்னல் கண்ணாடி துடைக்கும் தொழிலைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் கண்ணாடியில் கை வைக்கும் முன்பே ஏமாந்துவிடுகிறார்கள். இந்தத் தொழிலுக்கென்று விற்கப்படும் முக்கியமான பொருள் எதையும் கண்ணால் பார்த்துத் தரம் சொல்ல முடியாது என்பதுதான் காரணம். சுத்திகரித்த நீரும் குழாய் நீரும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். உயரமான ஜன்னலை எட்டித் துடைக்கும் கோல் எதுவானாலும், கறுப்புப் பூச்சு அடித்தால் விலை உயர்ந்த கார்பன் இழைக் கோல் போலவே தெரியும். வாடிக்கையாளர் பட்டியல் வெறும் காகிதம். நேர்மையாக விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் கீழே சொல்லும் ஏமாற்றுகள் ஆள் மாறி ஆள் மாறி அப்படியே நடந்துகொண்டிருக்கின்றன. கடன் வாங்கி முதல் போட்டவர் சில மாதங்களில் தொழிலையே வெறுத்துப் போவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

முதலில் 'ரவுண்டு' விற்பனை. மாதாமாதம் துடைக்கும் வீடுகளின் பட்டியலை மொத்தமாக இன்னொருவருக்கு விற்றுவிட்டு ஒதுங்குவது இந்தத் தொழிலில் வழக்கம். ஒரு மாத வருமானத்தைப் போல இத்தனை மடங்கு என்று விலை பேசுவார்கள். எனவே வருமானத்தைக் கூட்டிக் காட்டினால் விலையும் அதற்கேற்ப ஏறும். எப்போதோ ஒரே ஒரு முறை துடைத்த வீட்டை மாத வாடிக்கையாக எழுதுவார்கள். வேண்டாமென்று நிறுத்திவிட்ட வீடும் பட்டியலில் இருக்கும். ஒரே பட்டியலை இரண்டு பேருக்கு விற்பதும் உண்டு. விற்ற ஆறே மாதத்தில் விற்றவரோ அவருடைய உறவினரோ அதே தெருவுக்குத் திரும்பி வந்து குறைந்த கூலிக்குக் கேட்பதும் உண்டு.

இதைச் சோதிக்க ஒரே வழி, பணம் கொடுக்கும் முன் விற்பவரோடு ஒரு முழுச் சுற்று கூடவே போய் வேலை செய்வது. மாதத்துக்கு ஒரு முறை துடைக்கும் வீடுகளானால் ஒரு மாதம், ஆறு வாரத்துக்கு ஒரு முறையானால் ஆறு வாரம். போகும் வீடுகளில் கண்ணாடியை விட்டுவிட்டுச் சட்டத்தைப் பாருங்கள். மேல் சட்டத்தின் விளிம்பு, கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை, கீழ்ப்படியின் மூலை ஆகியவற்றில் கெட்டியான கறுப்பு அழுக்கும் பழைய சிலந்தி வலையும் இருந்தால், அந்த ஜன்னலை யாரும் மாதாமாதம் துடைக்கவில்லை. நேற்று அவசரமாக ஒரு கை துடைத்திருக்கலாம், ஆனால் சட்டத்தில் பல மாதங்களாகப் படிந்தது ஒரே நாளில் போகாது. வீட்டுக்காரரிடம் கடைசியாக எப்போது துடைத்தார்கள் என்று இயல்பாகக் கேளுங்கள். வங்கி வரவையும் செய்திப் பரிமாற்றத்தையும் காட்டச் சொல்லுங்கள். எல்லாம் ரொக்கம், கணக்கே கிடையாது என்றால், அந்த வருமானம் இல்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

முழுத் தொகையையும் ஒரே தவணையில் கொடுக்க வேண்டாம். ஒரு பகுதியை முதலிலும், மீதியை நீங்கள் தனியாக இரண்டு மூன்று சுற்று முடித்த பிறகும் கொடுங்கள். அதற்குள் நின்றுபோன வீடுகளின் தொகையைக் கழித்துக்கொள்ளலாம் என்று எழுதி வாங்குங்கள். நேர்மையான விற்பனையிலும் சில வீடுகள் நின்றுபோகத்தான் செய்யும், பழைய ஆளுக்காகவே தொடர்ந்தவர்கள் இருப்பார்கள். குறிப்பிட்ட காலம்வரை அந்தத் தெருக்களில் வேலை கேட்க மாட்டேன் என்ற உறுதியும் எழுத்தில் இருக்க வேண்டும். 'இன்னொருவர் காத்திருக்கிறார், இன்றே முடிவு சொல்லுங்கள்' என்று அவசரப்படுத்தினால் அந்த இன்னொருவரே வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள்.

அடுத்தது 'தொடக்கக் கருவித் தொகுப்பு'. முப்பது உருப்படிகளை ஒரு பையில் போட்டுக் கொடுப்பார்கள். உண்மையில் முதல் சில மாதங்களுக்கு வேண்டியவை கொஞ்சம்தான்: 35 சென்டிமீட்டர் வைப்பர் (தண்ணீரை வழித்தெடுக்கும் ரப்பர் பட்டை கொண்ட கைக்கருவி) ஒன்று, அதே நீளத்தில் நனைக்கும் உருளை ஒன்று, அது உள்ளே போகும் அகலமான வாளி, 15 சென்டிமீட்டர் ஸ்கிரேப்பர் (ஒட்டியதைச் சுரண்டும் பிளேடு), நார் உதிராத துணிகள், சின்ன நீட்டுக்கோல், மாற்று ரப்பர் ஒரு கட்டு. இதில் ரப்பரில்தான் அதிகம் ஏமாற்றுவார்கள். கிடங்கில் கிடந்து இறுகிப்போன ரப்பர் கண்ணாடியில் வழுக்காமல் துள்ளும், துள்ளிய இடமெல்லாம் கோடு விழும். புதிய ரப்பரின் விளிம்பு சதுரமாக, கூர்மையாக இருக்க வேண்டும். நகத்தை விளிம்போடு ஓட்டினால் பிசிறு எதுவும் தட்டக் கூடாது. வைப்பரில் பொருத்தும்போது இரு முனையிலும் சுமார் 3 மில்லிமீட்டர் வெளியே நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டத்தின் ஓரத்தில் தண்ணீர் நிற்கும், உலோக முனையும் கண்ணாடியில் உரசும்.

கோடு விழுகிறது என்று புதியவர் திரும்பிப் போனால் கடைக்காரர் 'சிறப்புத் திரவம்' ஒன்றை விற்பார். அது தேவையில்லை. பத்து லிட்டர் தண்ணீருக்குச் சில துளி பாத்திரம் கழுவும் திரவம் போதும். சோப்பு கூடினால் கண்ணாடியில் படலமாக நிற்கும், கோடு இன்னும் அதிகமாகும். கோடு விழுந்தால் முதலில் ரப்பரைத் திருப்பிப் போடுங்கள். இரண்டு விளிம்பும் மழுங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

பெரிய முதல் போவது சுத்த நீர்க் கோல் முறையில், அதாவது நீளமான கோலின் நுனியில் உள்ள தூரிகைக்குக் குழாய் வழியே உப்பு நீக்கிய நீரை ஏற்றிக் கழுவும் முறையில். நீரில் கரைந்த உப்பு முழுவதையும் எடுத்துவிட்டால் கண்ணாடியைத் துடைக்கவே வேண்டாம், தூரிகையால் தேய்த்து அலசிவிட்டால் கறையில்லாமல் காயும். அதற்கு டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, சுழியத்தில் இருக்க வேண்டும். பத்து பிபிஎம்மை (லிட்டருக்குப் பத்து மில்லிகிராமை) தாண்டினால் புள்ளிகள் தெரியத் தொடங்கும். இங்கே நடக்கும் ஏமாற்று கணக்கில் இருக்கிறது, அதனால் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்.

உப்பை நீக்கும் ரெசின் (குடுவையில் நிரப்பும் சிறு மணிகள்) ஒரு லிட்டர், நடைமுறையில் சுமார் 20 கிராம் உப்பைப் பிடித்ததும் தீர்ந்துவிடும். உங்கள் குழாய் நீர் 300 பிபிஎம் என்றால் ஒரு லிட்டர் நீரில் 0.3 கிராம் உப்பு. அப்படியானால் 10 லிட்டர் ரெசின் உள்ள குடுவை சுமார் 670 லிட்டர் நீருக்குத்தான் தாங்கும். ஒருவர் நாளொன்றுக்கு 300 லிட்டருக்கு மேல் செலவழித்தால் இரண்டே நாளில் முடிந்துவிடும். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். உப்புக் குறைந்த நீரை வைத்து மீட்டரில் 000 காட்டி, 'மாதக்கணக்கில் உழைக்கும்' என்பார். பிறகு வாரம் தவறாமல் ரெசினை அவரிடமே வாங்க வேண்டியிருக்கும். உப்பு அதிகமான நீருக்கு ரெசினுக்கு முன்னால் ஆர்.ஓ. மெம்பரேன் (நீரை அழுத்தி வடிகட்டி உப்பில் பெரும்பகுதியைப் பிரிக்கும் சவ்வு) கட்டாயம். அது 300-ஐ 15-க்குக் குறைத்துக் கொடுத்தால் அதே குடுவை இருபது மடங்கு நீருக்குத் தாங்கும். எனவே கருவியைத் தேடும் முன் சின்ன டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கி உங்கள் குழாய் நீரை அளந்துகொள்ளுங்கள்.

பழைய ஆர்.ஓ. கருவி வாங்குவதானால் ஓட விட்டு, உள்ளே போகும் நீரையும் மெம்பரேனிலிருந்து வரும் நீரையும் உங்கள் மீட்டரால் அளக்க வேண்டும். விற்பவரின் மீட்டரைப் பயன்படுத்த வேண்டாம். ரெசினுக்குப் பின்னால் அளப்பதிலும் பயனில்லை, புது ரெசின் கெட்ட மெம்பரேனை மறைத்துவிடும். 300 உள்ளே போய் 15 வந்தால் மெம்பரேன் நன்றாக இருக்கிறது. 60 வந்தால் கெட்டுவிட்டது, உங்கள் ரெசின் நான்கு மடங்கு வேகத்தில் தீரும். குளோரினைப் பிடிக்கும் கார்பன் ஃபில்டரைக் காலத்தில் மாற்றாமல் ஓட்டினாலும், மாதக்கணக்கில் உலர விட்டாலும் மெம்பரேன் கெட்டுவிடும், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. புதிது என்று விற்கப்படும் ரெசினில் மீன் வாடை அடித்தால் அது தீர்ந்துபோன ரெசினாக இருக்கலாம். பொட்டலம் பிரித்ததும் முகர்ந்து பாருங்கள்.

கோலில் நடக்கும் புரட்டு இன்னொன்று. ஃபைபர் கிளாஸ் கோலுக்கு மேலே மெல்லிய கார்பன் உறை சுற்றியோ, வெறும் கறுப்புப் பூச்சு அடித்தோ கார்பன் விலைக்கு விற்கிறார்கள். வெட்டிய முனையை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பார்த்தால் உள் அடுக்குகள் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருப்பது தெரிந்துவிடும். அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால் எடையைத் தராசில் போட்டுக் கேளுங்கள், முழு நீளத்துக்கும் நீட்டி, தூரிகையும் நீர் நிரம்பிய குழாயும் மாட்டிப் பிடித்துப் பாருங்கள். மூன்றாம் மாடி உயரத்தில் வளைந்து ஆடும் கோல் நாள் முடிவதற்குள் தோளைக் கெடுத்துவிடும். 'ஃபைபர் கிளாஸில் மின்சாரம் பாயாது, மின்கம்பிக்குப் பக்கத்திலும் வேலை செய்யலாம்' என்று சொல்லி விற்பவரிடம் எதையுமே வாங்காதீர்கள். நனைந்த கோல் எதுவானாலும் மின்கம்பிக்கு அருகே உயிருக்கு ஆபத்து. கார்பன் கோலோ நனையாமலே மின்சாரத்தைக் கடத்தும்.

தண்ணீர்த் தொட்டியோடு பழைய வேன் விற்பவர்களிடமும் கவனம் வேண்டும். 400 லிட்டர் நீர் என்றால் 400 கிலோ, தொட்டியும் கருவியும் ஆளும் தனி. வேன் தாங்கும் எடை அதன் தகட்டில் இருக்கும், கூட்டிப் பாருங்கள். தொட்டி ஒட்டுப்பலகைத் தரையோடு மட்டும் திருகப்பட்டிருந்தால், வேகமாகப் பிரேக் போடும்போது அது ஓட்டுநரின் முதுகில் வந்து மோதும். வண்டியின் சட்டத்தோடு இணைத்த கம்பிகள் பிடித்திருக்கிறதா என்று அடியில் குனிந்து பாருங்கள்.

இனிச் சொல்வது பணத்தைவிடப் பெரிய விஷயம். உப்புக்கறை நீக்கும் 'மாயத் திரவம்' என்று முத்திரையில்லாத கேன்களில் ஒன்று விற்கிறார்கள். தடவியதும் பல ஆண்டுக் கறை கரைந்துபோகும். அவற்றில் சிலவற்றில் இருப்பது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், அல்லது அமோனியம் பைஃபுளோரைடு. அது கறையோடு சேர்த்துக் கண்ணாடியையும் அரிக்கும். சற்று அதிக நேரம் நின்றால் கண்ணாடி பால் நிறமாகிவிடும், திரும்பச் சரியாகாது. தோலில் பட்டால் உடனே வலி தெரியாமல் போகலாம், சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் அது ஆழமாக இறங்கி, உடலின் கால்சியத்தைப் பிணைத்து இதயத்தையே பாதிக்கக்கூடும். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரில் அலசி, கால்சியம் குளுக்கோனேட் களிம்பு தடவி, வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாதுகாப்புத் தரவுத்தாள் கொடுக்காத எந்தத் திரவத்தையும் வாங்காதீர்கள். லேசான கறைக்கு வினிகரோ சிட்ரிக் அமிலமோ போதும். பழைய கறையைச் சீரியம் ஆக்சைடு வைத்து மெருகேற்றிப் பார்க்கலாம். கண்ணாடியே அரிபட்டிருந்தால் முடியாது என்று வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

கருவி வாங்கியாயிற்று, வேலை தேடுகிறீர்கள். அப்போது வந்து நிற்பவர் கட்டட கான்ட்ராக்டர். 'புதுக் கட்டடம், சும்மா ஒரு கை துடைத்தால் போதும்' என்பார். போய்ப் பார்த்தால் சிமென்ட் தெறிப்பு, பெயின்ட், சிலிகான் எல்லாம் காய்ந்து ஒட்டியிருக்கும். ஸ்கிரேப்பர் போடாமல் வராது. அங்கேதான் பொறி. டஃபன்ட் கண்ணாடியை (வலுவூட்டிய கண்ணாடியை) உலையில் 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர வைத்துச் செய்கிறார்கள். அதற்கு முன் சரியாகக் கழுவாவிட்டால், வெட்டும்போது உதிர்ந்த கண்ணாடித் துகள்கள் பரப்பிலேயே உருகி ஒட்டிக்கொள்ளும். பிளேடு அவற்றைப் பெயர்த்து இழுத்துப் போக, முடி போன்ற கீறல்கள் வரிவரியாக விழும். குறை கண்ணாடி செய்தவருடையது, பழி துடைத்தவருக்கு. கூலி தராததோடு, கண்ணாடி மாற்றும் செலவையும் உங்கள் தலையில் கட்டுவார்கள். முன்பே பெயின்டரோ கொத்தனாரோ போட்ட கீறலும் அழுக்கு போன பிறகுதான் தெரியவரும், அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு என்பார்கள்.

எனவே விலை சொல்லும் முன் மூலையில் டஃபன்ட் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தில் ஓர் உள்ளங்கை அளவு நனைத்து, புது பிளேடை மெதுவாக முன்னோக்கித் தள்ளுங்கள். உப்புத்தாளில் தேய்ப்பது போல் கரகரத்தால் அங்கேயே நிறுத்தி, தளப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒரு கண்ணாடியை அவர் முன்னால் முழுதாகத் துடைத்துக் காட்டி, இந்த நிலையில் வேலையைத் தொடரலாம், கீறலுக்குத் துடைப்பவர் பொறுப்பல்ல என்று கையெழுத்து வாங்கிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். கையெழுத்து போட மறுத்தால் வேலையை விட்டுவிடுங்கள். நாங்கள் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. பிளேடை எப்போதும் ஈரக் கண்ணாடியில், முன்னோக்கி மட்டும் ஓட்ட வேண்டும். இழுத்தால் அடியில் சிக்கிய மணல் கீறும். துருவேறிய பிளேடும் கீறும். உட்புறம் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியில் பிளேடே ஆகாது. துடைத்த பிறகு பெயின்டர் திரும்ப வந்தால் அடுத்த துடைப்புக்குத் தனிக் கூலி என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள்.

இப்படி ஒன்று நடந்தால் காப்பீடு இருக்கிறதே என்று நினைப்பவர்கள் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். பொதுப் பொறுப்புக் காப்பீடு பலவற்றில் 'வேலை செய்துகொண்டிருக்கும் பொருளுக்கு' ஏற்படும் சேதம் விலக்கப்பட்டிருக்கும். ஏணி சரிந்து பக்கத்துக் கார் நசுங்கினால் பணம் வரும், நீங்கள் துடைத்த கண்ணாடி கீறினால் வராது. முகவர் வாயால் 'எல்லாம் அடங்கும்' என்பார். 'நான் துடைக்கும் கண்ணாடியிலேயே கீறல் விழுந்தால் இழப்பீடு உண்டா? எத்தனை மீட்டர் உயரம்வரை?' என்று எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். தேவையானால் அதற்குத் தனி இணைப்பு சேர்க்கச் சொல்லுங்கள்.

பெரிய கட்டடத்தின் ஆண்டு ஒப்பந்தம் தருகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்றால் அது ஏமாற்று. பேசிய கூலிக்கு மேல் காசோலை அனுப்பி, கூடுதலைத் திருப்பி அனுப்பச் சொல்வதும் ஏமாற்றுதான். நீங்கள் அனுப்பிய பிறகு அவர்கள் காசோலை திரும்பி வரும். உயரக் கட்டடத்தில் கயிற்றில் இறங்கச் சொல்லி, ஒரே கயிற்றைக் காட்டினால் அங்கிருந்து வந்துவிடுங்கள். முறையான கயிற்று வேலைக்குத் தனித்தனியே கட்டிய இரண்டு கயிறுகளும் பயிற்சியும் வேண்டும்.

ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்திருந்தால் எதையும் அழித்துவிடாதீர்கள். விளம்பரத்தின் படம், பேசிய செய்திகள், ரசீது, மீட்டரில் எண் தெரியும்படி எடுத்த காணொளி, தேய்த்துப் பார்த்த கோல் முனையின் படம் எல்லாம் சான்றுகள். அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் உடனே மறுப்புப் பதிவு செய்யுங்கள், அதற்குக் கால வரம்பு உண்டு. விற்பவருக்குக் குறை என்ன, எந்தத் தேதிக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று எழுத்தில் அனுப்பிவிட்டு, பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் போங்கள். ரவுண்டு வாங்கி ஏமாந்தவர்கள் இல்லாத வீடுகளின் பெயரைக் குறித்து, ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் எப்போது நிறுத்தினார்கள் என்பதை ஒரு செய்தியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேதிவாரியாக அது கையில் இருந்தால், தொகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்து முடித்துக்கொள்ள விற்றவரே இறங்கி வர வாய்ப்பு உண்டு.