எம்எக்ஸ்-5 முன் சஸ்பென்ஷன்: புஷ் மட்டும் மாற்றுவதா, முழு ஆர்மையே மாற்றுவதா?

மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறைக் கார்கள் 1989 முதல் 1997 வரை தயாரானவை. அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் ஓடியது இதே வண்டிதான். இன்றைக்கு எதை வாங்கினாலும் கால் நூற்றாண்டைத் தாண்டிய வண்டி. எஞ்சின் இன்னும் நன்றாக ஓடும். முன் சக்கரங்களை வண்டியோடு இணைக்கும் இரும்புக் கைகள்தான் ஆர்ம்கள்; அவற்றின் முனைகளில் அசைவுக்கு இடம் தரும் ரப்பர் புஷ்களுக்கு அந்த ஆயுள் கிடையாது. நேர் சாலையில் வண்டி அலைகிறது, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது, சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் லொடக்கென்று சத்தம் வருகிறது என்றால் வேலை வந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த வேலையை வீட்டிலேயே செய்ய நினைப்பவருக்கு மூன்று வழி இருக்கிறது. பழைய ஆர்மையே கழற்றி புது ரப்பர் புஷ் அடிக்கலாம். அதே ஆர்மில், ரப்பரைவிடக் கடினமான பாலியூரித்தேன் (சுருக்கமாக பாலி) புஷ் போடலாம். இல்லையென்றால் புஷ்ஷோடு வரும் புது ஆர்மை அப்படியே மாட்டலாம். பேச்சு எப்போதும் ரப்பரா பாலியா என்பதிலேயே சுற்றுகிறது. வீட்டில் வேலை செய்பவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி, பழைய போல்ட் வெளியே வருமா என்பதுதான்.

அதற்கு முன், தேய்ந்தது எது என்று சரியாகப் பார்க்க வேண்டும். இந்தக் காரில் முன்பக்கமும் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஓர் அப்பர் ஆர்ம், கீழே ஒரு லோயர் ஆர்ம். ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் லோயர் ஆர்மில் உட்கார்கின்றன. அதனால் எடையைச் சுமப்பது கீழே உள்ள பால் ஜாயின்ட், அதாவது ஆர்மின் வெளி முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு. வண்டியைச் சட்டத்தில் ஜாக் வைத்துத் தூக்கிவிட்டுச் சக்கரத்தை ஆட்டினால், ஸ்பிரிங் ஆர்மைக் கீழே அழுத்திக்கொண்டே இருக்கும். பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருந்தாலும் தெரியாது. ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தியபின், இன்னொரு ஜாக்கை லோயர் ஆர்மின் வெளி முனைக்குக் கீழே வைத்து ஸ்பிரிங்கின் பாரத்தைத் தாங்க வைக்க வேண்டும். அப்புறம் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் தெரிவது, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட்டின் முனையில் உள்ள ஆட்டம். புஷ்ஷுக்கு ஒரு நெம்புகம்பி போதும்: ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே நுழைத்து மெல்ல நெம்பினால் ரப்பர் கிழிந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

சரி, போல்ட்டுக்கு வருவோம். லோயர் ஆர்மின் உள்முனை இரண்டையும் பிடித்திருப்பவை கேம் போல்ட்கள். மையம் விலகிய வட்டு கொண்ட இவற்றைத் திருப்பித்தான் கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) காஸ்டரும் (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் அச்சின் சாய்வு) சரிசெய்வார்கள். பிரிட்டன் மாதிரி, குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடும் ஊரில் ஓடிய வண்டி என்றால், இந்தப் போல்ட் புஷ்ஷின் நடுவில் இருக்கும் இரும்புக் குழலோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். அதைக் கண்டுபிடிப்பது எளிது. நட்டைக் கழற்றிவிட்டு போல்ட்டின் தலையில் ஸ்பேனர் போட்டுத் திருப்புங்கள். கொஞ்சம் திரும்பும், கையை விட்டால் பழைய இடத்துக்கே வந்துவிடும். போல்ட்டோடு குழலும் சேர்ந்து சுற்ற, ரப்பர் முறுக்கிக்கொண்டு அதைத் திருப்பி இழுக்கிறது. இந்த நிலையில் ஊடுருவும் எண்ணெயைப் பல நாள் அடித்து ஊறவைத்தாலும் சில போல்ட்கள் அசையவே அசையாது. ரம்பத்தை புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே விட்டு இரண்டு பக்கமும் அறுத்தெடுக்கத்தான் வேண்டும்.

வழி எது என்பதை இந்த இடம்தான் முடிவு செய்கிறது. அறுத்தெடுத்த ஆர்மில் போல்ட்டின் துண்டு குழலுக்குள்ளேயே மாட்டியிருக்கும். அதை வெளியேற்றி, வெளிக்கூட்டையும் தள்ளி எடுத்து, புது ரப்பர் புஷ்ஷை நேராக உள்ளே அழுத்த ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். பென்ச் வைஸும் பெரிய சாக்கெட்டும் வைத்துச் செய்பவர்கள் உண்டு. ஆனால் ஆர்ம் தகட்டை அழுத்திச் செய்தது, தாங்கு சரியாக இல்லாவிட்டால் புஷ் உட்காரும் வளையமே நசுங்கிவிடும். இரண்டு பக்கமும், மேலும் கீழும் சேர்த்து முன்பக்கத்துக்கு மட்டும் எட்டு புஷ்கள். பிரஸ் கையில் இருந்து, போல்ட்டும் ஒழுங்காக வந்துவிட்டால் ரப்பர் புஷ் வாங்கி அடிப்பதுதான் செலவு குறைந்த நல்ல வழி. பிரஸ் இல்லாதவர் ஆர்மைக் கழற்றி ஒரு மெக்கானிக் ஷாப்பில் கொடுத்து அடித்து வாங்கலாம். ஆனால் அதுவரை வண்டி ஸ்டாண்டில்தான் நிற்கும்.

பாலியூரித்தேன் வழிக்கு ஆட்கள் அதிகம். எனர்ஜி சஸ்பென்ஷன், சூப்பர்புரோ, பவர்ஃப்ளெக்ஸ் என்று நல்ல தயாரிப்புகளும் இருக்கின்றன. அதன் பெரிய வசதி, இரண்டு பாதியாக வருவதால் கையாலேயே அழுத்தி மாட்டலாம். பழையதை எடுக்கும் பாடு மட்டும் அப்படியேதான் இருக்கிறது. ரப்பருக்கும் பாலிக்கும் இருக்கும் வித்தியாசம் கடினத்தோடு நின்றுவிடுவதில்லை. ரப்பர் புஷ்ஷில் ரப்பர் உள்குழலோடும் வெளிக்கூட்டோடும் ஒட்டியே இருக்கும். ஆர்ம் ஏறி இறங்கும்போது அது முறுக்கிக் கொடுக்கிறது, எங்கும் உரசல் இல்லை. பாலி புஷ் குழலின் மேல் சுற்றுகிறது. சுற்றும் பொருளுக்கு கிரீஸ் வேண்டும், அதுவும் அதற்கென்று உள்ள கிரீஸ். அது காய்ந்தால் கீச்சிடும், உப்பும் மணலும் புகுந்தால் குழலைத் தின்னும். சில வருஷத்துக்கு ஒருமுறை போல்ட்டை உருவி கிரீஸ் வைக்கும் பழக்கம் உள்ளவருக்கு பாலி நல்லது. மாட்டிவிட்டு மறந்துவிட நினைப்பவருக்கு வேண்டாம்.

பாலி போட்டதும் ஸ்டீயரிங் கத்தி மாதிரி ஆகிவிட்டது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் புதுப் பாலியை முப்பது வருஷத்து ரப்பரோடு ஒப்பிடுகிறார்கள். புது ரப்பர் போட்டிருந்தாலும் அந்த மாற்றத்தில் பெரும்பகுதி கிடைத்திருக்கும். அதற்கும் மேலே கொஞ்சம் இறுக்கம் வேண்டுமென்றால் மாஸ்டாஸ்பீட் பெயரில் வந்த கடினமான ரப்பர் புஷ்கள் இருக்கின்றன. கிரீஸ் தொல்லை கிடையாது. டெல்ரின் என்ற கடினப் பிளாஸ்டிக், உருண்டை பேரிங் வகைகள் ரேஸ் டிராக்குக்கு. சாலை வண்டியில் ஒவ்வொரு கல்லும் இருக்கைக்கு வந்து சேரும்.

முழு ஆர்ம் வழியில் பிரஸ் வேலையே இல்லை. அறுத்த ஆர்மைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினால் போதும். அப்பர் ஆர்மில் இந்த வழிக்கே வலு அதிகம், ஏனென்றால் அதன் பால் ஜாயின்ட் ஆர்மோடு சேர்ந்தே மாஸ்டாவிடமிருந்து வருகிறது. கீழே உள்ள பால் ஜாயின்ட் லோயர் ஆர்மில் போல்ட் போட்டுப் பிடித்தது, தனியாக மாற்றிக்கொள்ளலாம். ஒரிஜினல் ஆர்மின் விலை கையைக் கடிக்கும். மலிவாகக் கிடைக்கும் ஆர்ம்களில் எனக்கு நம்பிக்கை இல்லாதது அவற்றின் பால் ஜாயின்ட் மீதுதான். ரப்பர் உறை சீக்கிரம் வெடிக்கிறது, உள்ளே கிரீஸ் பெயருக்குத்தான் இருக்கிறது. பிரிட்டனில் வாகனத் தகுதியைப் பார்க்கும் எம்ஓடி சோதனையில், தூசியைத் தடுக்க முடியாத அளவுக்கு உறை கிழிந்திருந்தால் அதுவே தோல்விக்குப் போதும். மலிவான லோயர் ஆர்ம் வாங்கினாலும் பால் ஜாயின்ட்டை நல்ல தயாரிப்பாகத் தனியே வாங்கிப் போடுங்கள்.

என் தீர்ப்பு இது: உப்புப் போடும் ஊரில் ஓடித் துருப்பிடித்த வண்டிக்கு முழு ஆர்ம், கூடவே புதுக் கேம் போல்ட்கள். போல்ட்டை வண்டியைத் தூக்குவதற்கு முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும். உலர்ந்த ஊரில் ஓடிய வண்டிக்கு, பிரஸ் வசதியும் இருந்தால், ஒரிஜினல் ரப்பர் புஷ்.

பால் ஜாயின்ட்டைப் பிரிக்க முள்கரண்டி வடிவக் கருவியை அடித்து இறக்கினால் உறை கிழியும். தூக்கிப் போடப்போகும் ஜாயின்ட்டுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். திருப்பித் திறக்கும் புல்லர் வகையே நல்லது. ஸ்பிரிங் விஷயத்தில் இந்தக் கார் கொஞ்சம் இரக்கமானது. ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தொகுதி என்பதால் ஆர்மைக் கழற்றினாலும் ஸ்பிரிங் பாய்ந்து வராது. பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியில் ஸ்பிரிங் கீழ்த்தட்டில் நேராக அழுந்தி உட்கார்ந்திருக்கும், கம்ப்ரஸர் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. எந்த வண்டியானாலும் ஜாக்கை நம்பி அடியில் படுக்காதீர்கள்.

மாட்டும்போது ரப்பர் புஷ் போட்டவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் உள் போல்ட்களை இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டைத் தளர்வாக விட்டு, வண்டியை அதன் சொந்த எடையில் சரிவுமேடை மீது நிறுத்தி, அப்புறம் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். குழலின் மேல் சுற்றும் பாலிக்கு இந்தக் கட்டாயம் இல்லை. பால் ஜாயின்ட்டின் கூம்பைத் துடைத்து உலர வைத்து மாட்டுங்கள். நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னுக்கான துளை பொருந்தவில்லையென்றால் நட்டைப் பின்னால் திருப்பாமல் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பொருத்த வேண்டும். சக்கர நட்டுக்கு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர்.

கேம் போல்ட் இருந்த இடத்தைக் கழற்றும் முன் பெயின்ட்டால் குறித்துக்கொண்டால், அலைன்மென்ட் கடை வரை ஓட்டிப்போகும் அளவுக்கு வண்டி நேராக இருக்கும். டோவை, அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவை, நூல் கட்டி வீட்டிலேயே பார்த்துவிடலாம். கேம்பரையும் காஸ்டரையும் கடையின் கருவியில் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். அவர்கள் கேம்களைத் திருப்பி முடித்தபின் நட்களைத் திரும்பவும் டார்க் ரெஞ்சில் இறுக்கினார்களா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.