கிராண்ட்: மானியமா, நல்கையா?

உழவர் குழுக்களுக்கான நிதியுதவிக் கையேடு ஒன்றை அண்மையில் தமிழாக்கியபோது, ‘கிராண்ட்’ (grant) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘மானியம்’ என்று எழுதுவதா, ‘நல்கை’ என்று எழுதுவதா என்பதைத் தீர்மானிக்கத்தான் எனக்கு மிகுந்த நேரம் பிடித்தது. முடிவில் நல்கையையே எடுத்துக்கொண்டேன்.

வினைச்சொல்லாக வரும் இடங்களில் சிக்கல் குறைவு. விடுப்பு அளிக்கப்படுகிறது, ஜாமீன் வழங்கப்படுகிறது, கடவுள் வரம் அருளுகிறார். வாதத்துக்காக ஒன்றை ஏற்கும்போது ‘அப்படியே வைத்துக்கொண்டாலும்’ என்போம். ‘டேக் ஃபார் கிராண்டட்’ என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், கிள்ளுக்கீரையாக நினைப்பது என்ற வழக்கு பெரும்பாலும் பொருந்திவிடும். அந்தச் சொல் பணத்தைக் குறிக்கும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது.

மானியத்தின் பலம் அதன் பழக்கம். சட்டப்பேரவையில் மானியக் கோரிக்கை, இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு, இலங்கையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு என்று அது ஊன்றிவிட்டது. கோயிலுக்கும் ஊர் ஊழியம் செய்தோருக்கும் வரி நீக்கி விட்ட நிலத்தை மானியம் என்றே அழைத்ததால், கொடை என்ற பொருளும் அதற்குப் பழையதுதான்.

ஆனால் இன்று மானியம் என்றதும் நினைவுக்கு வருவது எரிவாயு மானியமும் உர மானியமும், அதாவது சப்சிடி. கையேட்டில் கடன், சப்சிடி, கிராண்ட் என மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்று இருந்தது. என் முதல் வரைவில் பின்னிரண்டு பத்திகளுக்கும் ‘மானியம்’ என்ற ஒரே தலைப்பு விழுந்தது. சப்சிடி என்பது பொருளின் விலையிலோ கடனின் வட்டியிலோ ஒரு பகுதியை அரசு ஏற்பது. மீதியை வாங்குபவர் போட்டாக வேண்டும். கிராண்ட் என்பது குறிப்பிட்ட பணிக்கென ஒப்படைக்கும் தொகை. திருப்பித் தர வேண்டியதில்லை என்றாலும், அந்தப் பணிக்கே செலவிட்டுக் கணக்குக் காட்ட வேண்டும். பவர் டில்லருக்குத் தன் கையிலிருந்து எவ்வளவு புரட்ட வேண்டும் என்பதை ஓர் உழவர் அந்தத் தலைப்பைப் பார்த்தே கணக்கிடுவார் என்னும்போது, சொல்லின் பழக்கத்தைவிட, ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துக் காட்டும் ஆற்றலே எனக்குப் பெரிதாகப் பட்டது.

நல்கை என்ற வடிவம் சிலருக்குப் புதிதாகத் தோன்றினாலும், ‘நல்கு’ சங்கப் பாடல்களிலேயே மனமுவந்து கொடுப்பதைக் குறிக்கும் வினை. ஆய்வு நல்கை, பயண நல்கை என்று அடைசேர்க்கவும் அது எளிதாக வளைகிறது. வறுமையைக் குறிக்கும் ‘நல்குரவு’ திருக்குறளின் 105ஆம் அதிகாரத் தலைப்பாக இருப்பதால், ஓசையொப்புமையால் குழப்பம் வரலாம் என்பது நியாயமான எதிர்வாதம். அதற்காகவே, சொல் முதலில் வரும் இடத்தில் ‘திருப்பிச் செலுத்த வேண்டாத பணிநிதி’ என்ற விளக்கத்தைச் சேர்த்தேன்.

நீதிமன்ற ஆவணங்களிலும் தணிக்கை அறிக்கைகளிலும் நான் வேலை செய்ததில்லை என்பதால், இந்தத் தேர்வை அங்கும் பரிந்துரைக்கத் துணியமாட்டேன். கையேட்டிலும் மானியக் கோரிக்கை போன்ற நிலைபெற்ற பெயர்களை இருந்தபடியே விட்டிருக்கிறேன்.