பில்ட்ரூட்டில் பெர்ஃப்: டிக் போடுவது சுலபம், ஃபங்ஷன் பெயர் தெரிவதுதான் பாடு

“உங்க போர்டுல பெர்ஃப் போட்டு ரொம்ப நாளா ஓட்டுறீங்களே, எங்களுக்கும் சேர்க்கலாமா?” என்று பழைய ஆபீஸ் நண்பர் கேட்டார். (பெர்ஃப் என்பது எந்த ஃபங்ஷன் சிபியுவைத் தின்கிறது என்று காட்டும் லினக்ஸ் கருவி; பில்ட்ரூட் என்பது சின்ன போர்டுகளுக்கு லினக்ஸ் இமேஜ் தயாரிக்கும் கருவி.) போனில் நான் சொன்ன பதில் கொஞ்சம் சூடாகப் போய்விட்டது. இங்கே நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன். எவ்வளவு தூரம் முடியுமோ தெரியாது.

சேர்ப்பதில் குறையே கிடையாது. பில்ட்ரூட்டின் அமைப்பு மெனுவான மெனுகான்ஃபிக்கில் கெர்னல் பகுதிக்குள் போய், கெர்னல் டூல்ஸில் பெர்ஃபுக்கு ஒரு டிக். நாம் பில்ட் செய்யும் அதே கெர்னல் சோர்ஸிலிருந்துதான் இதுவும் தயாராகிறது. டெஸ்க்டாப்பில் கெர்னல் அப்டேட் ஆன மறுநாள் ‘இந்தக் கெர்னலுக்குப் பெர்ஃப் இல்லை’ என்று கைவிரிக்குமே, அந்தத் தொல்லை இங்கே இல்லை.

பயனும் கைமேல் கிடைத்தது. எங்கள் போர்டில் இருப்பது கோர்டெக்ஸ் ஏ8 என்ற ஏஆர்எம் சிபியு. சென்சார் தரவைச் சேகரிக்கும் டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) காரணமே இல்லாமல் சிபியுவைத் தின்றுகொண்டிருந்தது. பெர்ஃப் ரிப்போர்ட்டில் முதல் வரிகளிலேயே கெர்னலின் கடிகாரம் படிக்கும் ஃபங்ஷன்கள் நின்றன. ஏ7, ஏ15 வகையறாக்களில் இருக்கும் ஜெனரிக் டைமர் ஏ8-இல் கிடையாது. அதனால் நேரம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் விடிஎஸ்ஓ குறுக்குவழி (கெர்னலுக்குள் போகாமலே நேரம் படிப்பது) இல்லாமல் முழு சிஸ்டம் கால் போய்த் திரும்புகிறது. டாப் கட்டளையை நாள் முழுக்க வெறித்துப் பார்த்தாலும் இது தெரிந்திருக்காது.

சரி, இத்தனை தடவை நேரம் கேட்பது யார்? அங்கேதான் எரிச்சல் ஆரம்பம். கெர்னல் பெயர்கள் எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன, அவை கெர்னலே தரும் கால்சிம்ஸ் பெயர்ப் பட்டியலிலிருந்து வருபவை. நம் டீமனின் வரிகளில் மட்டும் வெறும் ஹெக்ஸ் முகவரி. யாருடைய கோடைப் பார்க்க இந்தக் கருவியைப் போட்டோமோ, அதற்குத்தான் பெயர் இல்லை.

காரணம் இரண்டு அடுக்கு. பில்ட்ரூட் இயல்பாகவே டார்கெட்டில் (போர்டுக்குப் போகும் ஃபைல்களில்) உள்ள பைனரிகளை ஸ்ட்ரிப் செய்துவிடும், அதாவது ஃபங்ஷன் பெயர்களை நீக்கிவிடும். ஃபிளாஷ் சின்னது, நியாயம்தான். ஆனால் ஸ்ட்ரிப்பை நிறுத்தினாலும் விடிவு வராது. எல்ஃப்யூட்டில்ஸ் பேக்கேஜைத் தனியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் பைனரியிலுள்ள பெயர்களைப் படிக்க உதவும் லிப்எல்ஃப் லைப்ரரி இல்லாமலே பெர்ஃப் பில்ட் ஆகும். அப்படி வந்த பெர்ஃபுக்கு, சிம்பல் டேபிள் (பெயர்ப் பட்டியல்) முழுசாக இருந்தாலும் படிக்கத் தெரியாது. பில்டும் சத்தமில்லாமல் முடிந்துவிடும். பெர்ஃபைத் தேர்ந்தெடுப்பவனுக்குப் பெயர்கள் வேண்டும் என்பதை ஊகிக்க ஜோசியமா வேண்டும்? கட்டாயச் சார்பாக வைத்திருக்கலாம். இடத்துக்குக் கஞ்சப்படுபவர்கள் வேண்டாமென்று எடுத்துக்கொள்ளட்டும்.

போர்டில் வேண்டாம், ரெக்கார்டை மட்டும் அங்கே எடுத்து ரிப்போர்ட்டை பில்ட் செய்யும் ஹோஸ்ட் மெஷினில் பார்ப்போம் என்றால், பெயர்களை எங்கே தேடுவது என்று சொல்லும் சிம்எஃப்எஸ் ஆப்ஷனுக்கு, ஸ்ட்ரிப் ஆகாத லைப்ரரிகள் இருக்கும் ஸ்டேஜிங் டைரக்டரியைக் கொடுக்கலாம். லைப்ரரிகளுக்கு அது போதும். சாதாரண அப்ளிகேஷன்கள் ஸ்டேஜிங்குக்கு வருவதில்லையே! ஸ்ட்ரிப் ஆகாத டீமனை பில்ட் டைரக்டரியிலிருந்து எடுத்து, ஸ்டேஜிங்கில் அதே யூஎஸ்ஆர் பின் பாதையில் கையால் வைக்க வேண்டும். டீமனை மாற்றும்போதெல்லாம் இந்தக் காப்பியும் கூடவே நடக்க வேண்டும். கடைசியில் பெயர் தெரிந்தது. லாக் ஃபைலின் ஒவ்வொரு வரிக்கும் நேர முத்திரை குத்தும் எங்கள் சொந்த ஃபங்ஷன்.

நியாயத்துக்காக ஒன்று: பில்ட்ரூட் போன்ற இன்னொரு கருவியான யோக்டோவில் டீபக் சிம்பல்கள் தனிப் பேக்கேஜாகவே பிரிந்து கிடக்கும், வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம். அதற்கு வேறு விலை உண்டு. பெர்ஃப் ரெசிபியின் ஸ்க்ரிப்டிங் வசதியை அணைக்காவிட்டால் பைத்தான் படையும் இமேஜுக்குள் குடியேறும்.

கெர்னலைச் சோதிக்கும் கெர்னல் செல்ஃப்டெஸ்டும் சேர்த்தேன். அது பாஷ் ஷெல் கேட்கிறது, சின்ன பிஸிபாக்ஸ் ஷெல்லோடு காலம் தள்ளுபவர்கள் யோசிக்கவும். தேவையான கெர்னல் ஆப்ஷன்கள் பெரும்பாலும் அந்தந்த டெஸ்ட் டைரக்டரியில் கான்ஃபிக் என்ற ஃபைலில் இருக்கும். அவற்றைக் கெர்னலில் போடாமல் ஓட்டினால் பக்கம் பக்கமாக ‘ஸ்கிப்’ வரும். எல்டிபி (லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட்) பற்றி ஒரே வரி: 512 எம்பி ராம் போர்டில் நினைவகத்தைத் தின்று தீர்க்கும் ஓஓஎம் டெஸ்ட்டுகளை ஒதுக்கிவிட்டு ஓட்டுங்கள்.

பில்ட்ரூட்டின் பெர்ஃபுக்கு ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் இன்றைக்கு இரண்டுதான் கொடுப்பேன். நேற்றும் ஹெக்ஸ் முகவரிகளோடு மல்லுக்கட்டிய கடுப்பு இன்னும் போகவில்லை. ஆனால் என் டெவலப்மென்ட் டெஃப்கான்ஃபிக்கிலிருந்து (சேமித்து வைத்த அமைப்பிலிருந்து) பெர்ஃபை எடுக்கச் சொன்னால் சண்டைக்கு வருவேன்.

நண்பருக்கு: போடுவதென்றால் எல்ஃப்யூட்டில்ஸையும் அதே கையோடு டிக் செய்யுங்கள். ஸ்ட்ரிப் செய்யக்கூடாத பைனரிகள் என்று பில்ட் ஆப்ஷன்ஸில் ஓர் இடம் இருக்கிறது, உங்கள் டீமனின் பெயரை முதல் பில்டுக்கு முன்பே அதில் எழுதிவிடுங்கள். டார்கெட்டில் ஒருமுறை ஸ்ட்ரிப் ஆனது பிறகு ஆப்ஷனை மாற்றியதால் திரும்பி வராது, அந்தப் பேக்கேஜை மறுபடி பில்ட் செய்தாக வேண்டும்.