லேஸ் குச்சிக்கு எந்த மரம்: ரப்பரா, பலாவா, பூவரசா?

லேஸ் பின்ன நூல் சுற்றிவைக்கும் மரக்குச்சியை நானே செதுக்க இறங்கினேன். மாதிரிக்கு என் கையில் இருந்தது ஒரே ஒரு பழைய குச்சி. பக்கத்து வீட்டுப் பாட்டி இரவல் தந்தது. 1820-களில் மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாரே, அந்தத் தலையணை லேஸ் வேலையில் பாட்டி கைதேர்ந்தவர். தலையணை மேல் நூல் சுற்றிய குச்சிகளைச் சோடி சோடியாக மாற்றிப் போட்டுப் பின்னுவது அது. குச்சி ஒரு சாண்கூட வராத நீளம், உச்சியில் சின்னக் கொண்டை, அதன் கீழ் நூல் சுற்ற ஒடுங்கிய கழுத்து, அப்புறம் விரலுக்குள் உருளும் தண்டு.

இங்கிலாந்தில் பெட்ஃபோர்டுஷயர் பக்கத்துக் குச்சிகளில் அடியில் கம்பி வளையம் போட்டுப் பாசிமணி கோத்திருப்பார்கள், எடைக்காகவும் தலையணையில் உருளாமல் கிடக்கவும். பாட்டியின் குச்சியில் மணி கிடையாது. அதனால் நூலை விறைப்பாக வைக்கும் பாரம் மரத்திலிருந்தே வரவேண்டும்.

குலசேகரம் பக்கம் பால் வற்றி வெட்டிய ரப்பர் மரத்தில் ஒரு துண்டு கேட்டால் யாரும் தந்துவிடுவார்கள், செதுக்கவும் சுகம். ஆனால் பச்சையாக வைத்தால் சில நாளிலேயே நீலம் பூக்கும், பிறகு வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். மருந்து ஏற்றிய பலகை என்றால் கை பழக மட்டும் சரி.

பலாதான் என் ஆசை. அந்த மஞ்சளுக்கே மயங்கிவிட்டேன். புத்த பிக்குகளின் ஆடைக்கு இதன் மரத்தூளைக் கொதிக்கவைத்தும் சாயம் எடுத்தார்கள் என்பது அப்போது நினைவில் இல்லை. ஈர நூலைச் சுற்றி ஒரு ராத்திரி வைத்தேன், காலையில் வெள்ளை நூலில் இளமஞ்சள் கறை. வியர்க்கிற கையும் வெள்ளை லேஸும் சேரும் இடத்தில் இது ஆகாது.

தேக்கு? கழுத்தை மெலிதாக்கும்போது சிம்பு சிம்பாகப் பிரிந்தது. தென்னையைத் தொடவே வேண்டாம்.

என் ஓட்டு பூவரசுக்கு. நெருக்கமான மரம், கைக்குக் கனம், 400-ஆம் நம்பர் உப்புத்தாள் போட்டாலே மினுங்குகிறது. கோணல்மாணலாக வளரும் மரம்தான், ஆனால் நமக்கு ஒரு சாண் நேராகக் கிடைத்தால் போதுமே. எண்ணெய் மட்டும் பூசாதீர்கள், நூலில் இறங்கிவிடும்.

பூவரசில் நான் செதுக்கிய குச்சியைப் பாட்டி வாங்கிக் கழுத்தில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துப் பார்த்தார். "நூலு மாட்டல்ல மக்ளே. ஆனா ஒத்தைய வச்சு நான் என்ன செய்யேன்? சோடிய எங்க?"

இரண்டாவதைச் செதுக்கி முடித்தேன். தராசில் முதல் குச்சியைவிட ஒரு கிராம் கூடுதல். இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.