இரண்டரை மீட்டர் இடைவெளி: தானோட்டிக் காருக்கு எந்தக் கண்?

மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடந்துவிடும். தானோட்டிக் காரின் கேமரா எடுக்கும் படத்தில் எது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எந்த மென்பொருள் முறை நல்லது என்று யார் கேட்டாலும் நான் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குவேன்.

2015இல் வந்த ஃபாஸ்டர் ஆர்-சிஎன்என் என்ற முறை நிதானமான ஆள். முதலில் 'இங்கே ஏதோ இருக்கலாம்' என்று சில இடங்களைக் குறித்துக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்து ஆளா, சைக்கிளா, லாரியா என்று முடிவு செய்யும். பாஸ்கல் விஓசி 2007 என்ற சோதனைப் படத் தொகுப்பில் இதன் துல்லியம் 73.2 சதவீதம். ஆனால் நொடிக்கு 7 படம்தான் பார்க்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் நம் கார் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நகர்ந்திருக்கும். குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு அது மிகப் பெரிய தூரம்.

ஆய்வாளர் ஜோசப் ரெட்மன் குழுவின் யோலோ என்ற முறை முழுப் படத்தையும் ஒரே பார்வையில் முடித்துவிடும். நொடிக்கு 45 படம். இடைவெளி 40 சென்டிமீட்டர்கூட இல்லை. துல்லியமோ 63.4 சதவீதம். குறைந்த அந்தப் பத்து எங்கே போனது? யோலோவின் முதல் பதிப்பு படத்தை 7×7 கட்டங்களாகப் பிரிக்கும். ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு வகைதான் சொல்லும். தூரத்தில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார், ஆளும் சைக்கிளும் ஒரே கட்டத்தில் விழுகின்றன என்றால், இரண்டில் ஒன்றின் பெயர்தான் வரும்.

2016இல் வந்த எஸ்எஸ்டி என்ற இன்னொரு ஒரே பார்வை முறை வேகத்திலும் (நொடிக்கு 59 படம்) துல்லியத்திலும் (74.3) இரண்டையும் முந்தியது. சின்னப் பொருள்களில் மட்டும் அதுவும் தடுமாறும்.

சரி, எது? என் ஓட்டு ஒரே பார்வையில் முடிக்கும் யோலோ, எஸ்எஸ்டி வகைக்குத்தான். ஆனால் கேமராவை மட்டும் நம்பி அல்ல. பக்கத்தில் லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடாரும், ரேடியோ அலையால் அளக்கும் ரேடாரும் வேண்டும். அவை இருந்தாலும் போதாது என்பதை 2018 மார்ச் 18 அன்று அரிசோனாவின் டெம்பியில் பார்த்தோம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்ணை உபரின் சோதனைக் கார் மோதியது, அவர் இறந்துபோனார். மோதலுக்கு 5.6 நொடி முன்பே ரேடார் அவரைக் கண்டுவிட்டது. மென்பொருளோ வாகனம், வேறு ஏதோ, சைக்கிள் என்று பெயரை மாற்றிக்கொண்டே இருந்தது. பெயர் மாறிய ஒவ்வொரு தடவையும் அதுவரை அவர் நகர்ந்துவந்த பாதையை மறந்தது. அதனால் எந்த முறையைச் சோதித்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இன்னதென்று பெயர் தெரியாமலே, முன்னால் ஏதோ வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக அந்தக் கார் வேகத்தைக் குறைக்கிறதா?