சீகேட் அயர்ன்வுல்ஃப் 4 டெராபைட்: லேபிளில் இருப்பது கடைசி ஊர் மட்டும்

பினாங்கில் ஹார்ட் டிஸ்க் வாங்கப் போனால் வேகத்தையும் வாரண்டியையும் சொல்வதற்கு முன்னாலேயே கடைக்காரர்கள் ஊரைச் சொல்வார்கள். "இது தாய்லாந்து ஸ்டாக் அக்கா, சைனா இல்ல, நம்பி எடுங்க." பினாங்கின் பாயான் லெப்பாஸ் எஃப்.டி.இசட்டில் (வரியில்லாத தொழில் வட்டாரம்), டிஸ்க்கின் ஹெட், அதாவது தட்டில் தகவலை எழுதிப் படிக்கும் முனை, செய்யும் பேக்டரியில், பாதி ஆயுளைக் கழித்தவள் நான். அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

முதலில் சாமான், நான் வாங்கிய அயர்ன்வுல்ஃப் 4 டெராபைட். நிமிடத்துக்கு 5400 சுற்று, 256 மெகாபைட் கேஷ், 3 வருஷ வாரண்டி. விண்டோஸில் போட்டதும் 3.63 டெராபைட் என்று காட்டும். யாரும் திருடவில்லை, கணக்குப் போடும் முறை வேறு. தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் நான் எடுக்கும் வீடியோக்கள், பேரப்பிள்ளைகளின் படங்கள் எல்லாம் இதில்தான் போகின்றன. பெரிய ஃபைலை ஏற்றினால் தொடக்கத்தில் நொடிக்கு 200 மெகாபைட்டுக்குக் கொஞ்சம் கீழே ஓடுகிறது. தட்டு நிறைய நிறைய உள்வட்டத்துக்குப் போகும், வேகமும் பாதிக்கு வந்துவிடும். எந்த ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். ராத்திரி அமைதியில் ஹெட் நகரும் கரகர சத்தம் கேட்கும், ஆனால் தூக்கம் கெடாது. சூடு பரவாயில்லை.

இப்போது அந்த 'ப்ராடக்ட் ஆஃப் தாய்லாந்து' கதைக்கு வருவோம். சீகேட் கம்பெனியின் ஹெட்டுக்கான வேஃபர், அதாவது ஹெட்டுகளை மொத்தமாக உருவாக்கும் வட்டத் தகடு, பிறப்பது வட அயர்லாந்தின் ஸ்பிரிங்டவுனிலும் அமெரிக்காவின் மினசோட்டாவிலும். தகவல் பதியும் தட்டுகளுக்கு சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் பேக்டரி. சுழற்றும் மோட்டார்களில் உலகத்துக்கே முன்னால் நிற்பது ஜப்பானின் நிடெக். எல்லாம் ஓரிடத்தில் கூடி மூடி முடுக்கப்படும் ஊர்களில் ஒன்று தாய்லாந்தின் கோராட். லேபிள் அந்தக் கடைசி ஊரை மட்டும்தான் சொல்லும். இதே சீகேட்டுக்குச் சீனாவில் வூசியிலும் பேக்டரி இருக்கிறது. லேபிளில் 'டி.கே' என்றிருந்தால் கோராட், 'டபிள்யூ.யூ' என்றிருந்தால் வூசி. என் அலமாரியில் கிடக்கும் பழைய டிஸ்க் ஒன்றில் 'ஏ.எம்.கே.எஸ்.பி.ஆர்' என்று இருக்கிறது, அதாவது சிங்கப்பூர் அங் மோ கியோ. அந்த பேக்டரியை மூடப்போவதாக 2009-ல் அறிவித்தார்கள். சுமார் 2,000 பேருக்கு வேலை போனது. சம்பளம் எங்கே குறைவோ அங்கே அசெம்பிளி நகரும். எங்கள் ஊருக்கு அந்த வேலை வந்ததும் அப்படித்தான், போனதும் அப்படித்தான்.

நாங்கள் செய்த வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். வேஃபரைக் கம்பி கம்பியாக அறுத்து, பாலிஷ் போட்டு, அப்புறம் துண்டு போட்டால் வருவதுதான் ஸ்லைடர். ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத துண்டு, பார்க்க மிளகுத்தூள் மாதிரி இருக்கும். அதன் ஓரத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறதா, முகத்தில் கறை இருக்கிறதா என்று ஷிப்ட் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்ப்போம். தலையிலிருந்து கால்வரை மூடும் தூசி தடுப்பு உடுப்பு, பன்னி சூட் என்போம். பவுடரும் பொட்டும் கேட்டிலேயே நின்றுவிடும். ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், ஓடும்போது அந்த ஸ்லைடர் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. ஒரு தூசி போதும், கதை முடிந்தது. நாங்கள் பாஸ் போட்ட ட்ரே தாய்லாந்துக்குப் போகும். அங்கே அதை டிஸ்க்குக்குள் ஹெட்டைத் தாங்கும் கையில் பொருத்துகிற பெண்ணும் எங்களைப் போல ஒருத்திதான். அவள் ஊர் பெயர் லேபிளில் வரும், எங்கள் ஊர் வராது. வருத்தம் என்று பெரிதாக இல்லை, ஆனால் "பினாங்கில் என்ன செய்யறாங்க, எல்லாம் தாய்லாந்துதான்" என்று சொல்பவரிடம் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் முடிவதில்லை.

ஒரு சாமானை இத்தனை ஊராகப் பிரித்து வைத்தால் என்ன ஆகும் என்று 2011 கடைசியில் எல்லோரும் பார்த்தார்கள். தாய்லாந்து வெள்ளத்தில் போட்டிக் கம்பெனியான வெஸ்டர்ன் டிஜிட்டலின் பாங் பா இன் பேக்டரி தண்ணீரில் மூழ்கியது. சீகேட்டின் பேக்டரிகளுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் பாகம் கொடுக்கிற கம்பெனிகள் மூழ்கியதால் அவர்களும் தடுமாறினார்கள். டிஸ்க் விலை இரண்டு மடங்கு ஆனது. தண்ணீர் வடிந்த பிறகும் விலை பழைய இடத்துக்கு இறங்க ரொம்ப நாள் பிடித்தது.

ஆகவே வாங்கும்போது ஊரைப் பார்க்காதீர்கள், சி.எம்.ஆரா எஸ்.எம்.ஆரா என்று பாருங்கள். இரண்டும் தட்டில் தகவல் எழுதும் முறைகள். சி.எம்.ஆரில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாக இருக்கும். எஸ்.எம்.ஆரில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருக்கும். திருப்பி எழுதும்போது பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டி வரும், வேகம் படுத்துவிடும். பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் ரெய்டில் போட்டால் தலைவலி. அயர்ன்வுல்ஃப் சி.எம்.ஆர். 2020-ல் சில நாஸ் டிஸ்குகளில் (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டிக்கானவை) எஸ்.எம்.ஆர் இருப்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் சொல்லாமல் விற்றது வெளியே வந்து பெரிய ரகளை ஆனது, ஞாபகம் இருக்கலாம்.

குறை சொல்ல வேண்டுமென்றால் கடையைத்தான் சொல்வேன். பெயர் வேண்டாம். கொம்தார் பக்கம், ஐந்நூறு ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்தார்கள், விலையில் வஞ்சனை இல்லை. ஆனால் டிஸ்க்கை வெறும் ஆன்டிஸ்டேடிக் பையோடு பிளாஸ்டிக் பையில் போட்டு நீட்டினார் அந்தத் தம்பி. "தம்பி, இது தேங்காய் இல்லப்பா" என்றேன். பபிள் ரேப் கேட்டு வாங்கிச் சுற்றிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக சீரியல் நம்பரை சீகேட் தளத்தில் போட்டு வாரண்டி தேதியைப் பார்த்தேன்; சரியாக இருந்தது. வெளிநாட்டு ஸ்டாக்காக இருந்தால் இங்கே வாரண்டி செல்லாமல் போகலாம், ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். அப்புறம் முழு ஸ்கேன் ஒன்று ஓட்டிவிடுங்கள். ஏழெட்டு மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம்.