ஜெட்மேட்ச்: எள்ளுத்தாத்தா வழி உறவையும் காட்டும், நம் கல்யாணக் கணக்கில் தடுமாறும்

கலிபோர்னியாவில் 13 கொலைகள் செய்த ஜோசப் டிஆஞ்சலோ 2018 ஏப்ரலில் சிக்கியபோதுதான் டிஎன்ஏ கோப்புகளை ஒப்பிட்டு உறவுகளைக் காட்டும் ஜெட்மேட்ச் (GEDmatch) தளத்தின் பெயர் பலருக்கும் தெரிந்தது. அமெரிக்கப் போலீஸ் டேட்டாபேஸ் ஒப்பிடுவது 20 எஸ்டிஆர் இடங்களை (டிஎன்ஏவில் சிறு துணுக்கு திரும்பத் திரும்ப வரும் இடங்கள்). குற்றவாளியோ அவரது நெருங்கிய ரத்த உறவோ உள்ளே இருந்தால்தான் பலன். ஜெட்மேட்சில் ஒவ்வொரு கோப்பிலும் லட்சக்கணக்கில் எஸ்என்பி குறிகள் (டிஎன்ஏவில் ஒற்றை எழுத்து ஆளுக்கு ஆள் மாறும் இடங்கள்) இருப்பதால், முகம் தெரியாத தூரத்துச் சொந்தம் ஒருவர் ஏற்றி வைத்த கோப்பே போதும். அங்கிருந்து போலீசார் வம்சாவளியை வரைந்து, வயதும் ஊரும் பார்த்து ஆட்களைக் கழித்தார்கள். கடைசியில் டிஆஞ்சலோவின் கார்க் கதவுப் பிடியில் எடுத்த டிஎன்ஏவை ஒப்பிட்டு உறுதி செய்தார்கள். ஆக, தளம் தருவது துப்புதான், சாட்சியம் வேறு.

ஜெட்மேட்ச் எச்சில் சோதனை செய்வதில்லை. ஆன்செஸ்ட்ரி மாதிரி வேறு கம்பெனியில் டெஸ்ட் எடுத்து, ரா டேட்டா ஜிப்பை (சோதனையின் மூலக் கோப்பு) இறக்கி, பிரிக்காமல் அப்படியே ஏற்ற வேண்டும். கிட் எண் (உங்கள் கோப்பின் அடையாள எண்) வந்ததும், அதை மற்றவர்களின் கோப்புகளோடு ஒப்பிடும் ‘ஒன் டு மெனி’ ஓட்டலாம், இது இலவசம். தோற்றம் அரதப் பழசு, ஆனால் வேலை சுத்தம். முடிவுப் பட்டியலில், இரு கோப்புகளுக்கும் பொதுவான குறிகளின் எண்ணிக்கையைக் காட்டும் ‘ஓவர்லாப்’ பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டு கம்பெனிகளின் டிஎன்ஏ படிக்கும் சிப் வேறாக இருந்தால் பொதுவான குறிகள் குறையும். 45,000க்குக் கீழே போனால் பொய்ப் பொருத்தம் நிறைய வரும்.

உறவை அளப்பது சென்டிமார்கனில், அதாவது இருவருக்கும் பொதுவான டிஎன்ஏ துண்டுகளின் நீள அலகில். ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகளுக்குள் சராசரி 866, கொள்ளுத்தாத்தா வழியில் 229, எள்ளுத்தாத்தா வழியில் 73. இதெல்லாம் சொந்தத்தில் கல்யாணம் செய்யாதவர்களுக்கான கணக்கு. அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிய குடும்பத்தில் ஒரே ஆள் இரண்டு மூன்று வழியில் சொந்தமாவார். எண் ஊதிப்போய், தூரத்து உறவு பக்கத்து உறவாகத் தெரியும். மொத்தத்தை நம்பாமல் மிக நீளமான துண்டைப் பாருங்கள். மொத்தம் 100, பெரிய துண்டு 12 என்றால், பல வழியில் சேர்ந்த பழைய உறவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முதலில், பெற்றோர் இருவரும் ரத்த உறவா என்று பார்க்கும் ‘ஆர் யுவர் பேரன்ட்ஸ் ரிலேட்டட்’ கருவியை ஓட்டிவிடுவது நல்லது. மாமனுக்கும் அக்கா மகளுக்கும் பிறந்த பிள்ளையின் மரபணுவில் சுமார் எட்டில் ஒரு பங்கு இரு பக்கமும் ஒன்றாக இருக்கும். அத்தை மகன், மாமன் மகள் ஜோடியின் பிள்ளைக்குப் பதினாறில் ஒரு பங்கு.

தனியுரிமையில்தான் மார்க்கைக் குறைக்க வேண்டியிருக்கிறது. கொலை, பாலியல் குற்ற வழக்குகளில் மட்டுமே போலீஸ் தேடலாம் என்று விதி வைத்துவிட்டு, யூட்டாவில் ஒரு தாக்குதல் வழக்குக்கு விலக்குக் கொடுத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் 2019 மே மாதம் எல்லாக் கிட்டையும் போலீஸ் தேடலிலிருந்து விலக்கி, விருப்பம் உள்ளவர் மட்டும் சேரலாம் என்றார்கள். 2020 ஜூலையில் ஹேக்கர்கள் புகுந்து அந்த அனுமதித் தெரிவையே மாற்றிவிட, விலகியவர்களின் கிட்டும் சில மணி நேரம் போலீஸ் தேடலுக்குத் திறந்து கிடந்தது. போலீஸ் தேடல் வேண்டாம் என்று ‘ஆப்ட் அவுட்’ போட்டாலும், அடையாளம் தெரியாத பிணங்களோடு ஒப்பிடுவதற்கு உங்கள் கிட் இன்னும் பயன்படும். 2021 ஜனவரியில் வந்த மாற்றம் இது.

சொந்தங்களைத் தேட மட்டும் வருகிறவர்களுக்கு ‘ரிசர்ச்’ என்ற தனியுரிமைத் தெரிவு பொருந்தும்: உங்களுக்குப் பட்டியல் வரும், அடுத்தவர் பட்டியலில் நீங்கள் வரமாட்டீர்கள். ‘பிரைவேட்’ போட்டால் ஒப்பீடே நடக்காது. அதற்கு ஏற்றாமலே இருக்கலாம்.